சுவருக்குள் செத்த எலி

குரோம்பேட்டையில் மாடித்தோட்டம் போட்டிருக்கும் நண்பர் வீட்டுக்குப் போன மாசம் போயிருந்தேன். வாசலிலேயே மூக்கைப் பொத்த வேண்டியதாயிற்று. ஊதுபத்தி, சாம்பிராணி, பினாயில் எல்லாம் முயன்று பார்த்துவிட்டார்கள். வாசனையும் சேர்ந்து நாற்றம் இன்னும் மோசமாகியிருந்தது.

"எலி கேக் வெச்சோம். தண்ணி தேடி வெளிய போய்ச் செத்துரும்னு கடைக்காரர் சொன்னாரே" என்றார் வீட்டம்மா.

பலரும் நம்புவதுதான், ஆனால் உண்மையில்லை. அந்த வில்லைகளில் பெரும்பாலும் இருப்பது புரோமடியலோன். ரத்தம் உறையவிடாத நஞ்சு. தின்ற எலிக்கு உள்ளுக்குள்ளே ரத்தம் கசியும். சில நாளில் சோர்ந்துபோய், பதுங்குமிடத்திலேயே சாகும். நகரத்து வீட்டில் பதுங்குமிடம் எது? ஃபால்ஸ் சீலிங், குழாய்ச் சந்து, அலமாரிக்குப் பின்சுவர்.

பிணத்தை எடுக்காமல் நாற்றம் போகாது. ஜன்னலைச் சாத்தி, ஃபேனை நிறுத்தி, அரை மணி கழித்துச் சுவரோரமாக முகர்ந்துகொண்டே வாங்க. பச்சையாக மின்னும் ஈக்கள் மொய்க்கும் இடத்தையும் கவனிங்க. எங்களுக்கு ஏ.சி. குழாய் நுழையும் ஓட்டையில் அகப்பட்டது.

கையுறையும் முகக்கவசமும் போட்டு, முதலில் சோப்புத் தண்ணீர் தெளித்து நனையுங்கள். எலி மூத்திரத்தால் எலிக்காய்ச்சல் வரும், காய்ந்த தூசியைக் கிளப்பக்கூடாது. எடுத்தபின் இடத்தை நன்றாகக் கழுவிக் காயவிட்டு, அடுப்புக்கரியைத் துணியில் கட்டி வையுங்கள். சுவரை இடிக்க முடியாத இடமென்றால் ஓட்டை வாயில் கரி மூட்டையும் காற்றோட்டமும்தான் வழி. சுண்டெலி சீக்கிரம் காய்ந்துவிடும், பெருச்சாளி வாரக்கணக்கில் படுத்தும்.

அந்த எலியை உரக்குழியில் போடாதீங்க, தெருவிலும் வீசாதீங்க. நஞ்சு அதன் ஈரலில் அப்படியே இருக்கும். வயலில் தாங்கல் நட்டு நாம் வரவேற்கிற கூகை அதைத் தின்றால் கூகைக்கும் அதே கதி. இரண்டடி ஆழத்தில் புதையுங்கள்.

எலி மருந்து மனிதருக்கும் எமன். 2024 நவம்பரில், இங்கிருந்து அதிகத் தொலைவில்லாத குன்றத்தூரில், வீட்டில் வைத்த எலி மருந்தால் இரண்டு குழந்தைகள் இறந்தார்கள்.

வீட்டுக்கு எலிக்கூண்டு போதும். கருவாட்டுத் துண்டோ தேங்காய்ச் சில்லோ வைத்து, தினமும் காலையில் பாருங்கள். விரல் நுழையும் ஓட்டையைக்கூட விடாமல் இரும்பு நாரைத் திணித்துச் சிமென்ட் பூசுங்கள். நண்பர் வீட்டு எலி எதற்கு வந்தது தெரியுமா? மாடியில் மூடாமல் வைத்த உரத்தொட்டியில் கொட்டிய பழைய சோற்றுக்கு.