வழக்கறிஞரும் சமரச அறையும்

தொழிலாளர் வழக்கறிஞராக விரும்பும் நம் மாணவர், குர்லாவில் ஆலை வைத்திருந்த ஒரு நிறுவனத்தின் வழக்கைப் படித்துத் தொடங்குதல் நன்று. 2023வரை பம்பாய்த் தெருக்களில் கறுப்பும் மஞ்சளுமாக ஓடிய பத்மினி டாக்சியை அறியாதார் யார்? அவ்வண்டியைச் செய்த பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் நிறுவனந்தான் அது.

அங்கே இரு தொழிற்சங்கங்கள் இருந்தன. ஊக்க ஊதியம் பற்றி நிறுவனம் ஒரு சங்கத்தோடு உடன்பாடு செய்துகொண்டது. மற்றச் சங்கத்தார் சிலர் அதனை ஏற்காமல் சிவில் கோர்ட்டுக்குச் சென்றனர். வழக்கு சுப்ரீம் கோர்ட்டுவரை ஏறியது. 1975இல் தீர்ப்பு வந்தது: தொழில் தகராறுச் சட்டம் படைத்த உரிமையாயின், அச்சட்டம் காட்டும் வழியிலேயே பரிகாரம் தேடவேண்டும், பொதுச் சட்டத்திலும் வேருள்ள உரிமையாயின், தொழிலாளி இரு வழிகளில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளலாம். அத்தொழிலாளரின் கோரிக்கை முதல்வகையைச் சேர்ந்தது. ஆதலின் சிவில் கோர்ட்டு அதனை விசாரிக்க அதிகாரமற்றது என்றாயிற்று. குறை நியாயமானதா என்பது வேறு. தட்டிய கதவு தவறு.

சரியான கதவு எது? பெரும்பாலும் அது சமரச அதிகாரியின் அறைதான். வியப்பு என்னவெனில், 1947ஆம் ஆண்டுச் சட்டம் அவ்வறைக்குள் வழக்கறிஞரை விடவேயில்லை. தீர்ப்பாயத்திலுங்கூட எதிர்த்தரப்பு இசைந்து, தீர்ப்பாயமும் அனுமதித்தால்தான் அவர் வாதாடலாம். பணமுள்ள பக்கம் பெரிய வழக்கறிஞரை அமர்த்தும். நாட்கூலி பெறுவோன் யாரை அமர்த்துவான்? விதி கடுமையானதுதான், ஆயினும் அதில் நியாயம் உண்டென்றே எண்ணுகிறேன்.

அவ்வாறாயின் சமரசம் செய்வோருக்குச் சட்டம் வேண்டாவோ? மிக வேண்டும். அதே சட்டத்தின் 18ஆம் பிரிவைப் பாருங்கள். சமரச நடவடிக்கைக்குப் புறம்பாகச் செய்த உடன்பாடு, அதனைச் செய்துகொண்ட தரப்பினரை மட்டுமே கட்டும். சமரச நடவடிக்கையின்போது செய்த உடன்பாடோ ஆலைத் தொழிலாளர் அனைவரையும், நாளை வேலைக்குச் சேர்வோரையுங்கூடக் கட்டும். தாள் ஒன்றே, சொற்களும் அவையே. கையெழுத்து விழும் இடம் மாறினால் கட்டுப்படுவோர் மாறிவிடுகின்றனர். இரு சங்கங்கள் பகைத்து நிற்கும் ஆலையில் இதனை அறியாத சமரசர், ஒரு தகராற்றைத் தீர்த்து மற்றொன்றை விதைப்பார்.

சட்டக் கல்வியும் ஆலைப் பட்டறிவும் ஒருங்கே பெற்றவர் வி. வி. கிரி. டப்ளினில் சட்டம் பயின்று, இரயில்வேத் தொழிலாளரிடையே சங்கப் பணி செய்து, 1937இல் சென்னை மாகாண அமைச்சரானார். கட்டாயத் தீர்ப்பினும் இருதரப்பாரும் பேசி முடிப்பதே மேல் என்பது அவர் கொள்கை. எனினும் 1954இல், வங்கி ஊழியர்க்குக் கிடைத்த தீர்ப்பை மத்திய அரசு திருத்தியபோது, அவர் தம் மந்திரி பதவியைத் துறந்தார். பேச்சை விரும்பியவர் தீர்ப்புக்காகப் பதவி துறந்ததில் முரண் இல்லை. இரண்டிலும் அவர் காத்தது கொடுத்த வாக்கையே.

1947ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் 2020ஆம் ஆண்டுத் தொழிலுறவுத் தொகுப்பு, 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. அதிலும் சமரச அறையின் கதவு வழக்கறிஞருக்குத் திறக்கவில்லை.