தோன்றியும் மறைந்தும் வரும் எச்சரிக்கை விளக்கு

தமிழ் பயிலும் மாணாக்கர்க்கு மோட்டார் வண்டியின் பிரேக்கோடு யாது தொடர்பு என்று இவ்விதழைப் புரட்டும் அன்பர் வினவுதல் கூடும். வினா நேரியதே. எனினும் சென்ற கிறிஸ்துமஸ் விடுமுறையில் சேலத்திலுள்ள எம் சிற்றப்பனார் இல்லத்தில் தங்கியிருந்த நாட்களில், கொண்டு சென்ற பாடநூல்களினும் மிகுதியாக யாம் கற்றது, அவர்தம் வண்டியின் முகப்பில் எரிந்தும் அவிந்தும் நின்ற மூன்று சிறு விளக்குகளைப் பற்றியேயாம். அவ்விளக்குகள் எமக்குப் புணரியலை நினைவூட்டின. சொற்கள் புணருங்கால் வல்லெழுத்து ஓரிடத்து மிகும், ஓரிடத்து மிகாது. "சில வேளை வரும், சில வேளை வாராது" என்று கூறி அமைந்த இலக்கண ஆசிரியர் எவரும் இலர். நிலைமொழி யாது, வருமொழி யாது, வேற்றுமையோ அல்வழியோ என்று கேட்டே அவர் விதி கண்டனர். இடையிடையே எரியும் விளக்கையும் அங்ஙனமே வினவுதல் வேண்டும் என்பதே யாம் ஈண்டுக் கூறப் புகுந்தது.

முதற்கண் அவ்விளக்குகள் யாவை என்பதைக் காண்போம். வட்டத்தினுள் வியப்புக்குறியுடைய சிவப்பு விளக்கு பிரேக்கைக் குறிப்பது. ஏ.பி.எஸ். என்னும் எழுத்துடைய மஞ்சள் விளக்கு, சக்கரங்கள் பூட்டிக்கொள்ளாவண்ணம் காக்கும் அமைப்பைக் குறிப்பது. வளைந்து நெளிந்த இரு தடங்களின்மேல் ஒரு வண்டியைப் போல வரையப்பெற்ற மஞ்சள் விளக்கு, ஈ.எஸ்.சி. எனப்படும் நிலைப்பாட்டுக் கட்டுப்பாட்டைக் குறிப்பது. ஏ.பி.எஸ். அமைப்பு இன்றைய மின்னணு வடிவில் 1978ஆம் ஆண்டு மெர்சிடிஸ் பென்ஸ் வண்டியில் விற்பனைக்கு வந்தது. நிலைப்பாட்டுக் கட்டுப்பாடு 1995இல் அந்நிறுவனத்தின் வண்டியிலேயே முதலிற் பொருத்தப்பெற்றது. 1997இல் சுவீடன் நாட்டில், சாலையிற் குறுக்கிடும் பெருமானைத் தவிர்ப்பதுபோல் வண்டியைச் சட்டென ஒடித்துத் திருப்பும் சோதனையில் அந்நிறுவனத்தின் சிறு வண்டியொன்று கவிழ்ந்தது. அதன்பின் அவ்வகை வண்டி அனைத்திற்கும் இக்கட்டுப்பாடு பொருத்தப்படலாயிற்று.

அது செய்யும் தொழில் வியப்புடையது. ஓட்டுநர் எத்திசையிற் செல்ல விழைகின்றார் என்பதை ஸ்டியரிங்கின் கோணத்தால் அறிகின்றது. வண்டி உண்மையில் எத்திசையிற் சுழல்கின்றது என்பதை மற்றொரு சென்சாரால் அறிகின்றது. இரண்டும் மாறுபடின் நான்கு சக்கரங்களுள் ஒன்றைமட்டும் தானே பிடித்து வண்டியை நேர்ப்படுத்துகின்றது. பின்புறம் சறுக்கி வெளியே வீசுமாயின் வெளிப்பக்க முன்சக்கரத்தைப் பிடிக்கும். முன்புறம் திரும்பாது நேரே வழுக்குமாயின் உட்பக்கப் பின்சக்கரத்தைப் பிடிக்கும். இங்ஙனம் தொழில் செய்யுங்கால் அம்மஞ்சள் விளக்கு மின்னி மின்னி மறையும். அது பழுதன்று, உதவி. மின்னாது நிலையாக எரிவதே பழுதின் குறி, அல்லது எவரோ பொத்தானை அழுத்தி அதனை நிறுத்தினர் என்பதன் குறி. இவ்வேறுபாட்டை அறியாது மழைநாளில் வண்டியைப் பழுதுபார்ப்போரிடம் ஓட்டிச் சென்றாரும் உளர்.

இனி எம் சிற்றப்பனார் வண்டிக்கு வருவோம். அவர் ஏற்காட்டிற் பள்ளியாசிரியர். வாரந்தோறும் இருபது கொண்டை ஊசி வளைவுகளை ஏறியும் இறங்கியும் செல்பவர். எட்டாண்டு ஓடிய வண்டி. ஐப்பசி மழைக்குப்பின் விளக்குகள் எரியத் தொடங்கின. சாவியை அணைத்து மீண்டும் இயக்கின் மறைந்துவிடும். பழுதுபார்க்கும் நிலையமொன்றில் ஸ்கேனரைப் பொருத்திப் பார்த்து, சி 0040 என்னும் குறியீட்டைக் கண்டு, முன்வலச் சக்கரத்தின் சென்சாரை மாற்றினர். மூன்று நாள் அமைதி. நான்காம் நாள் விளக்கு மீண்டது. அடுத்து, கட்டுப்பாட்டுப் பெட்டியையே மாற்றல் வேண்டும், ஐம்பதினாயிரம் ரூபாய்க்கு மேலாகும் என்றனர். சிற்றப்பனார் அதற்கு ஒருப்படாது இல்லம் திரும்பி, இரவில் கண்ணை உறுத்துகின்றதென்று முகப்பின்மேல் ஒரு துண்டு இன்சுலேஷன் டேப்பை ஒட்டிவிட்டார். மூன்று விளக்கும் அதனுள் அடங்கின. யாம் அங்குச் சென்றபொழுது நிலைமை இதுவே.

அடுத்த தெருவில் ஒரு முதிய மெக்கானிக் சிறு கொட்டகை வைத்திருந்தார். அவரிடம் இதனைக் கூறியபொழுது அவர் கருவி எதனையும் கையில் எடுத்தாரல்லர். "குறியீடு தெருவின் பெயரைச் சொல்லும், தம்பி, வீட்டு எண்ணை நாமே தேட வேண்டும். டேப்பை எடுத்துவிட்டு, எந்த விளக்கு எப்பொழுது எரிகிறது என்று எழுதி வாருங்கள்" என்றார். அவர் கூறியதன் நுட்பம் பின்னரே எமக்கு விளங்கிற்று. சி 0040 என்பது முன்வலச் சக்கரச் சென்சாரின் மின்சுற்றைக் குறிப்பது. சுற்று என்புழிச் சென்சார் மட்டுமன்று. அதன் வயர், கனெக்டர், சக்கரத்தோடு சுழலும் பற்சக்கரம் அல்லது காந்த வளையம், பேரிங்கின் ஆட்டம் யாவும் அடங்கும். குறியீட்டைப் படித்தவுடன் உறுப்பை மாற்றுதல், ஒரு சொல்லைக் கண்டவுடன் முன்பின் நோக்காது உரையெழுதுதலை ஒக்கும். அப்பிழையை யாமும் வகுப்பிற் செய்ததுண்டு.

சிற்றப்பனாரோடு ஆறு முறை மலையேறி இறங்கினோம். ஓட்டுபவர் எழுதலாகாது ஆதலின் அருகிருந்து யாமே எழுதினோம்: எரிந்த விளக்கு, ஏற்றமோ இறக்கமோ, இடத்திருப்பமோ வலத்திருப்பமோ, பிரேக்கை மிதித்திருந்தாரோ, மழையுண்டோ. விடுமுறை முடியுமுன் பதினேழு வரிகள் சேர்ந்தன. அவற்றை வரிசைப்படுத்தியபொழுது நெஞ்சு ஒரு கணம் நின்றது. மஞ்சள் விளக்கு இரண்டும் கூடி எரிந்தவை பதினொன்று. அவை அனைத்தும் ஸ்டியரிங்கை இடப்பக்கம் முற்றத் திருப்பிய வளைவுகளில், ஏற்றத்திலும் இறக்கத்திலும் நிகழ்ந்தவை. சிவப்பு மட்டும் எரிந்தவை ஐந்து. அவை அனைத்தும் இறக்கத்தில், பிரேக்கை மிதித்த பொழுதில் நிகழ்ந்தவை. மூன்றும் ஒருங்கே எரிந்தது ஒரே முறை: இறக்கத்தில், இடவளைவில், பிரேக் மிதித்திருந்தபொழுது. இல்லத்தார் அனைவரும் ஒரு பழுது என்றே கருதியிருந்தது இரண்டு பழுது. மஞ்சளுக்குப் பழகிய கண் சிவப்பையும் பழக்கத்தாலே ஒதுக்கிவிட்டது. அதன்மேல் டேப் வேறு.

மெக்கானிக் வரிகளைப் படித்துவிட்டு, "மஞ்சள் காத்திருக்கட்டும், முதலில் சிவப்பு" என்றார். பிரேக் எண்ணெய்த் தொட்டியில் ஒரு மிதவை உண்டு. எண்ணெய் குறையின் மிதவை தாழ்ந்து சிவப்பு விளக்கை எரியச் செய்யும். எண்ணெய் எல்லைக்கோட்டின் அருகே நிற்குமாயின், சமநிலத்தில் விளக்கு எரியாது. இறக்கத்தில் வண்டி முன்சாய்ந்து, பிரேக்கால் எண்ணெயும் முன்னோக்கி ஓடுங்கால் மிதவை தாழும். வண்டி நின்றதும் எண்ணெய் பரவி விளக்கு அவியும். இடையிடையே எரிந்ததன் காரணம் இவ்வளவே. இவ்விடத்து எண்ணெயை ஊற்றி நிரப்பிவிடின் விளக்கு மறையும். ஆனால் எண்ணெய் எங்குச் சென்றது என்னும் வினா மறையாது. ஒன்று, எங்கோ ஒழுகியிருத்தல் வேண்டும். அன்றேல் பிரேக் பேட் தேய்ந்திருத்தல் வேண்டும். பேட் தேயத் தேயப் பிஸ்டன் வெளியே நகர்ந்து, அவ்விடத்தை எண்ணெய் நிரப்புவதால் தொட்டியில் மட்டம் தாழும். சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தபொழுது முன்னிடப் பேட்டில் எஞ்சியது இரண்டு மில்லிமீட்டரே. புதிய பேட்டில் உராயும் பகுதி பெரும்பாலும் பத்து மில்லிமீட்டரையொட்டி இருக்கும். மூன்றுக்கு இறங்கின் மாற்றல் வேண்டுமென்பர். சிற்றன்னையும் தம்பிமார் இருவரும் அமர்ந்துவர, இந்நிலையில் இருபது வளைவுகளையும் எத்தனை முறை இறங்கினாரோ! சிற்றப்பனார் அப்பேட்டைக் கையில் வாங்கிப் பார்த்தவர் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை.

எண்ணெயையும் மாற்றினர். பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்பினது. டாட் 4 வகை எண்ணெயின் கொதிநிலை புதிதாயிருக்குங்கால் 230 பாகை செல்சியசுக்குக் குறையாதிருத்தல் வேண்டுமென்பது விதி. ஈரம் ஏறியதற்கு அவ்விதி 155 பாகையே. நீண்ட இறக்கத்தில் பிரேக்கின் சூட்டால் எண்ணெய் கொதித்து ஆவியாயின், மிதித்த மிதி வெறிதே தாழும். மலைச்சாலை செல்வார் இதனை மறத்தலாகாது.

பின்னர் மஞ்சள். சக்கரச் சென்சார் இருவகைப்படும். பழையது சுருள்கம்பியாலாயது, அதன் தடையை ஓம் அளவில் மல்டிமீட்டரால் அளந்து பார்க்கலாம். புதியது மின்சாரம் ஊட்டப்பெற்று இயங்குவது; அதனை அங்ஙனம் அளத்தல் பயனின்று, கேடும் விளைக்கலாம். மெக்கானிக் அளந்தாரல்லர். முன்பக்கத்தை ஜாக்கியில் ஏற்றி, ஏ.பி.எஸ். பெட்டியோடு பேசவல்ல ஸ்கேனரை மாட்டி, முன்வலச் சக்கரத்தின் வேகம் திரையிற் காணுமாறு செய்து, அச்சக்கரத்தைக் கையாற் சுழற்றுமாறு எம்மிடம் கூறினார். மலிவான கருவிகள் எஞ்சின் குறியீட்டை மட்டுமே படிப்பன என்பதை வாங்குவோர் அறிதல் நன்று. யாம் சுழற்ற, அவர் ஸ்டியரிங்கை மெல்லத் திருப்பினார். நேர்நிலையில் திரையில் எண் ஓடிற்று. வலப்பக்கம் முற்றத் திருப்பினும் ஓடிற்று. இடப்பக்கம் முற்றத் திருப்பியவுடன், சக்கரம் சுழன்றுகொண்டிருக்கவே, எண் சுழியமாயிற்று.

சக்கரத்தின் மேலுள்ள பிளாஸ்டிக் மறைப்பைக் கழற்றினார். வயரைச் சஸ்பென்ஷன் தூணோடு பிணைத்து நிறுத்தும் கிளிப் காணப்படவில்லை. முன்னெப்பொழுதோ நிகழ்ந்த பழுதுபார்ப்பில் எவரோ மீண்டும் மாட்டாது விட்டனர். ஆகவே இடப்பக்கம் திருப்புந்தோறும் வயர் இழுபட்டுக் கனெக்டரைப் பற்றி இழுத்தது. கனெக்டரின் உடற்பக்கப் பாதியிலோ மழைநீர் புகுந்து, பித்தளை முனை பச்சை பூத்துத் தளர்ந்திருந்தது. சென்சார் குற்றமற்றது; முன்னர்க் கழற்றி எறியப்பட்டதும் குற்றமற்றதே. புதிய முனையும் ஒரு கிளிப்பும் மாட்டினார். கட்டுப்பாட்டுப் பெட்டியை எவரும் தொடவில்லை.

விளக்கு எரிவதற்கு வேறு காரணங்களும் உண்டு. பேட்டரி தளர்ந்து, எஞ்சினைக் கிளப்புங்கால் மின்னழுத்தம் மிகத் தாழின், பெட்டிகள் தமக்குள் முரணிக் குறியீடு எழுதும், ஓய்வில் 12.6 வோல்ட்டையொட்டியும் எஞ்சின் ஓடுங்கால் பதினான்கையொட்டியும் உளதா என்று முதலிலேயே பார்த்துவிடுதல் செலவற்ற வழி. பிரேக் மிதியின் மேலுள்ள சுவிட்ச் தேயின், மிதித்ததும் மிதியாததும் ஒருங்கே தோன்றி ஈ.எஸ்.சி. குழம்பும்; அப்பொழுது பின்புறச் சிவப்பு விளக்கும் சில வேளை எரியாதொழியும். ஒரு டயர் மட்டும் அளவு வேறாயின் சக்கர வேகங்கள் ஒவ்வா. சக்கரங்களை நேர்ப்படுத்தியபின் ஸ்டியரிங் கோணத்தை மீளப் பதியாது விடுதலும் ஒரு காரணம்.

ஒன்றை மட்டும் விரிப்போம். சிவப்பும் மஞ்சள் இரண்டும் ஒருங்கே நிலையாக எரிவதை எம் வண்டியிற்போல இரு சிறு பழுதின் கூட்டு என்று எவரும் தாமே முடிவு செய்தலாகாது. பல வண்டிகளில் அது, முன்சக்கரத்திற்கும் பின்சக்கரத்திற்கும் பிரேக் விசையைப் பகிரும் அமைப்பே தொழிலற்றது என்னும் அறிவிப்பு. அந்நிலையில் வன்மையாக மிதிப்பின் பின்சக்கரங்கள் முந்திப் பூட்டி வண்டி சுழன்றுவிடக்கூடும். கைபிரேக் முற்ற விடுபட்டுளதா, எண்ணெய் மட்டம் யாது என்னும் இரண்டையும் பாதுகாப்பான இடத்தில் நிறுத்திப் பார்த்து, ஐயமாயின் இழுவை வண்டியை அழைத்தலே தக்கது. மலையிலாயின் ஐயமின்றியே அழைக்கலாம்.

விடுமுறையின் இறுதி நாளன்று மீண்டும் ஏற்காட்டிற்குச் சென்று திரும்பினோம். சாவியைத் திருப்பியதும் மூன்று விளக்கும் எரிந்து, சில நொடியில் அவிந்தன. அங்ஙனம் தொடக்கத்தில் எரியாத விளக்கே பெரிதும் அஞ்சத்தக்கது என்று மெக்கானிக் முன்னரே கூறியிருந்தார், பழுதுற்ற விளக்கு எப்பழுதையும் கூறாதன்றோ. இறங்குங்கால் இருபது வளைவிலும் முகப்பு இருண்டிருந்தது. டேப்பின் பசை மட்டும் கண்ணாடியில் நீள்சதுரமாக ஒட்டிக் கிடந்தது. சிற்றப்பனார் அதனைச் சுரண்டி எடுக்க எம்மை விடவில்லை.