கசிய வேண்டிய இடமும் கசியக் கூடாத இடமும்

நமது கிராமங்கள் பலவற்றில், வீட்டுக் கொல்லைப்புறத்தில் கட்டப்பெற்ற கழிப்பிடம் விறகும் உரமூட்டையும் அடுக்கும் அறையாக மாறியிருப்பதைக் காண்கிறோம். காரணம் கேட்டால், "நாற்றம் தாங்கவில்லை" என்பதே பெரும்பாலும் கிடைக்கும் விடை. ஜனங்களுக்குப் பழக்கம் வரவில்லை என்று குறை கூறிவிட்டுப் போவது எளிது. ஆனால் அத்தகைய அறைகளுள் நாம் நுழைந்து பார்த்தவற்றில் பழுது பழக்கத்தில் இல்லை. பீங்கானுக்கு அடியில் இருந்தது. ஒரு வீட்டில் வளைவுக் குழாயில் மயிரிழை போன்ற வெடிப்பு. மற்றொரு வீட்டில் குழியின் மூடிக்கும் விளிம்புக்கும் நடுவே இரண்டு விரல் நுழையும் சந்து. ஒரு கொத்தனார் அரைநாளில் சீர்செய்யக் கூடிய குறைக்காக ஒரு குடும்பத்துப் பெண்கள் இருட்டும்வரை காத்திருந்து வெளியே செல்ல வேண்டியிருந்தது. ஆகவே இக்கட்டுரையில் கழிப்பிடத்தின் கசிவுகளையும் அடைப்புகளையும் பற்றிச் சற்று விரிவாகவே ஆராய்வோம்.

பீங்கானுக்குக் கீழே கழுத்துப்போல் வளைந்த ஒரு குழாய் உண்டு. கொத்தனார்கள் இதனை டிராப் என்பர். எவ்வளவு நீர் ஊற்றினாலும் இவ்வளைவில் சிறிது நீர் தங்கி நின்றுவிடும். அந்நீரே கதவாக நின்று குழியின் நாற்றம் மேலே வாராமலும், ஈக்கள் உள்ளே புகாமலும் தடுக்கிறது. இதற்கு நீரடைப்பு என்று பெயர். நகரங்களில் தொட்டி வைத்து நீர் இறக்கும் கழிப்பிடங்களில் இந்த நீரடைப்பு 50 மில்லிமீட்டர் அளவில் இருக்கும். அதனைக் கழுவித் தள்ள 10 லிட்டருக்கு மேலும் நீர் வேண்டும். தலையில் குடம் சுமந்து நீர் கொணரும் கிராமத்திற்கு இது ஏற்குமா? 1950-களின் பிற்பகுதியில் மத்திய சுகாதார அமைச்சு, ஃபோர்டு அறநிலையத்தின் உதவியுடன் வங்காளத்தில் சிங்கூரிலும், டில்லியை அடுத்த நஜஃப்கரிலும், நமது பூந்தமல்லியிலும் ஆராய்ச்சி நடத்தியது. கையால் நீர் ஊற்றிக் கழுவும் கிராமக் கழிப்பிடத்தின் அமைப்பு இத்தகைய முயற்சிகளால் உருப்பெற்றது. பீங்கானின் சரிவை அதிகமாக்கி, நீரடைப்பை 20 மில்லிமீட்டராகக் குறைத்தால், ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் நீரே போதும். இன்றும் கிராமங்களில் பெரும்பாலும் வழங்குவது இவ்வமைப்பே.

20 மில்லிமீட்டர் என்பது முக்கால் அங்குலத்திற்குச் சற்றே கூடுதல். வீட்டாரின் சுகமும் கிணற்றின் தூய்மையும் இந்த முக்கால் அங்குல நீரை நம்பியுள்ளன. நீர் குறைந்தால் கதவு திறந்துவிட்டதென்றே பொருள்.

இங்கு ஒரு முக்கியமான விஷயத்தைத் தெளிவு செய்துகொள்ள வேண்டும். கழிப்பிடத்தில் கசியக் கூடாத இடங்கள் சில. கசிந்தே ஆக வேண்டிய இடங்கள் சில. பீங்கான், டிராப், இவற்றின் மூட்டு, குழிக்குச் செல்லும் குழாய், குழியின் மூடி ஆகியவற்றில் ஒரு துளியும் கசிதல் ஆகாது. உறிஞ்சு குழியின் சுவரும் அடித்தளமுமோ கசிவதற்கென்றே அமைந்தவை. அதனாலன்றோ செங்கற்களை இடைவெளி விட்டுத் தேன்கூடு போலக் கட்டுகிறோம். துளையுள்ள உறைகளை இறக்குகிறோம்? ஆனால் நடைமுறையில் நேர்மாறாகச் செய்பவர் உளர். "கெட்டியாக இருக்கட்டும்" என்று குழியின் உட்புறம் முழுவதும் சிமெண்டு பூசிவிடுகின்றனர். 1 மீட்டர் விட்டமும் 1 மீட்டர் ஆழமும் உள்ள குழி ஏறத்தாழ 780 லிட்டர் கொள்ளும். ஐவர் உள்ள வீட்டில் நாளொன்றுக்கு 30 லிட்டர் நீர் குழிக்குச் சென்றாலும், பூசிய குழி நான்கு வாரத்திற்குள் நிரம்பி வழியும். பூசாத குழியோ, நீரை மண் உறிஞ்சிக்கொள்வதால், மூன்றாண்டுகள் அளவில் நிற்கும். மேற்புறத்து ஓரடி மட்டும் இடைவெளியின்றிக் கட்டி, மழைநீர் புகாதபடி விளிம்பைத் தரைக்கு மேல் உயர்த்தினால் போதும். கரிசல் மண்ணில் நீர் எளிதில் இறங்காதாகையால், குழியைச் சுற்றிலும் ஓரடி அகலத்திற்கு மணல் நிரப்புதல் வேண்டும்.

செப்டிக் தொட்டிக்கு இவ்விதி முற்றும் மாறானது. அது நீர் கசியாத தொட்டியாகவே இருத்தல் வேண்டும். அதிலிருந்து வெளியேறும் நீர் தனியே ஓர் உறிஞ்சு குழிக்குச் செல்ல வேண்டும். அதற்குக் காற்றுக் குழாயும் அவசியம். உறிஞ்சு குழிக்கோ காற்றுக் குழாய் வேண்டுவதில்லை. அதில் உண்டாகும் வாயுவை மண்ணே ஏற்றுக்கொள்கிறது. தம் வீட்டில் இருப்பது எது என்பதை அறியாமலே பழுது பார்க்கத் தொடங்குவோர் பலர்.

இனி, பழுது எங்கே என்று கண்டறியும் முறையைக் கூறுவோம். முதலில் நீரடைப்பின் ஆழத்தை அளக்க வேண்டும். ஒரு கம்பியின் நுனியை ஒரு விரல் நீளம் கொக்கிபோல் மடித்து, நீருக்குள் விட்டு, கொக்கியைக் குழி இருக்கும் பக்கமாகத் திருப்பி மெல்ல உயர்த்துக. வளைவின் உள்ளே தொங்கும் நாக்கின் அடிவிளிம்பில் கொக்கி தட்டும். அப்பொழுது நீர்மட்டம் கம்பியில் எவ்விடத்தைத் தொடுகிறதோ அங்கே அடையாளமிட்டு, கொக்கியிலிருந்து அதுவரை அளந்தால் அதுவே நீரடைப்பு. நீர் ஊற்றியவுடன் அளந்தும் 20 மில்லிமீட்டர் இல்லையெனில், கட்டும்போதே டிராப்பைச் சாய்வாக வைத்துவிட்டனர் என்று கொள்ளலாம். இதற்கு ஒட்டு வேலை பயன்படாது. டிராப்பை எடுத்து, ரசமட்டம் வைத்து நேராக அமைப்பதே வழி.

அளவு சரியாக இருப்பின், இரவில் எல்லோரும் உறங்கச் சென்றபின், நீர்மட்டத்திற்கு அடையாளமிட்டுப் பீங்கானைப் பலகையால் மூடிவைத்துக் காலையில் பார்க்க வேண்டும். மட்டம் அப்படியே இருந்தால் டிராப் நன்றாக உள்ளது. அரை அங்குலம் இறங்கியிருந்தால் அதில் வெடிப்பு உண்டு. நிற்கும் நீர் குறையவில்லை, ஆயினும் ஊற்றும்போதெல்லாம் தரையோரம் ஈரம் ஊறுகிறது என்றால் குறை வேறிடத்தில் உள்ளது. பெரும்பாலும் அது பீங்கானும் டிராப்பும் சேரும் மூட்டாகவோ, அதற்கப்பாலுள்ள குழாய் மூட்டாகவோ இருக்கும். ஈரம் கழிப்பிடத்து நீர்தானா, மழை ஊற்றா என்ற ஐயம் எழுமாயின், துணிக்குப் போடும் நீலத்தை ஒரு வாளி நீரில் கரைத்து ஊற்றுக. வெளியே நீலம் தென்பட்டால் ஐயம் தீர்ந்தது. வெடிப்பு சிறிதென்று அசட்டையாக இருத்தல் கூடாது. மண்சுவர் வீடாயின் அஸ்திவாரம் ஊறும், தரை உள்வாங்கும்.

வெடித்த டிராப்பை மாற்றியே ஆக வேண்டும். மூட்டுக் கசிவை மட்டும் சீர்செய்துகொள்ளலாம். பழைய சாந்தின்மேலேயே புதுச் சாந்தை அப்பி மெழுகிவிட்டுப் போகும் வழக்கம் கொத்தனார்களிடையே உண்டு. அது ஒரு மழைக்காலம் நிற்பதும் அரிது. மூட்டைச் சுற்றியுள்ள தரையை வெட்டித் திறந்து, பழைய சாந்தை உளியால் முழுவதும் செதுக்கி எடுத்து, பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, ஈரம் வடிய விட வேண்டும். பின்னர்ச் சிமெண்டுப் பாலில் தோய்த்த சணல் புரியை மூட்டுக்குள் சுற்றிலும் இறுகச் செருக வேண்டும். சாந்து குழாய்க்குள் வழிந்து இறுகி, பின்னாளில் அடைப்பு உண்டாகாமல் காப்பது இப்புரிதான். அதன்மேல் ஒரு பங்கு சிமெண்டும் ஒரு பங்கு சலித்த மணலும் கலந்த சாந்தைத் திணித்து, வெளிப்புறம் சரிவாக முடிக்க வேண்டும். கட்டிதட்டிய பழஞ்சிமெண்டு இதற்கு உதவாது. ஈரச்சாக்கு போர்த்தி ஒரு வாரம் நனைத்து வருதல் நன்று. முதல் மூன்று நாட்களாவது அக்கழிப்பிடத்தைப் பயன்படுத்தலாகாது. இம்மூன்று நாட்களுக்கு அண்டை வீட்டாரிடம் முன்னதாகவே சொல்லி வைத்துக்கொள்வது விவேகம். பிளாஸ்டிக் குழாயாயின் சிமெண்டு அதில் பற்றாது. ரப்பர் வளையமோ, அக்குழாய்க்குரிய பசையோ கொண்டுதான் இணைக்க வேண்டும்.

நன்றாக இருக்கும் டிராப்பை உடைப்பது பெரும்பாலும் நாமே. அடைத்துக்கொண்டவுடன் கடப்பாரையையோ இரும்புக் கம்பியையோ கொண்டு குத்துகிறோம். அடைப்பு நீங்குகிறது, வளைவும் உடைகிறது. "இப்போது தண்ணீர் தாராளமாகப் போகிறது" என்று மகிழ்ந்த வீட்டில் மறுவாரமே ஈக்கள் மொய்க்கும். வளையும் பிரம்பின் நுனியில் பழந்துணியை இறுகக் கட்டி, நீர் ஊற்றி, மேலும் கீழுமாக அழுத்தினாலே பெரும்பாலான அடைப்புகள் விலகும். சாம்பல், மணல், துணி, அணையாடை முதலியவை உள்ளே போகாமல் பார்த்துக்கொண்டால் இவ்வேலையும் மிச்சம். ஆசிட் ஊற்றிக் கழுவும் பழக்கத்தையும் கைவிட வேண்டும். ஆசிட் சிமெண்டை அரிக்கும். நாம் பாடுபட்டு அடைத்த மூட்டு அதனால் மீண்டும் இளகும். குழியில் மலத்தை மட்கச் செய்யும் நுண்ணுயிர்களுக்கும் அது பகை. சோப்புத் தூளும் பிரஷ்ஷும் போதும்.

இரட்டைக் குழி வைத்திருப்போர், இரண்டு குழிகளுக்கும் நீர் பிரியும் சிறு தொட்டியைத் திறந்து பார்க்க வேண்டும். ஒரு வாயை அடைத்து மற்றொன்றை மட்டும் திறந்து வைப்பதே முறை. இரண்டும் திறந்திருந்தால் இரண்டு குழிகளும் ஒருங்கே நிரம்பும். ஒன்றை ஆறவிட்டு மற்றொன்றைப் பயன்படுத்தும் நோக்கம் கெடும். அடைக்கும் வாயில் செங்கல்லை வைத்துக் களிமண்ணோ மட்டச் சாந்தோ பூசினால் போதும், பின்னர் எளிதாக எடுக்கலாம். நிறைந்த குழியை மூடி இரண்டாண்டுகள் விட்டுவைத்தால் மலம் மட்கி, நாற்றமற்ற மண்போலாகும். வயிற்றுப் பூச்சியின் முட்டைகள் மண்ணில் பல மாதம் உயிரோடிருக்குமாகையால் இக்காலத்தைக் குறைத்தல் ஆகாது. முழுதும் மட்கிய எருவை வயலுக்கு இடுவதில் விவசாயிகள் தயங்க வேண்டியதில்லை. மட்காத குழிக்குள்ளோ செப்டிக் தொட்டிக்குள்ளோ ஒருவரையும் இறக்கவே கூடாது. உள்ளிருக்கும் வாயு நொடியில் மயக்கும். காப்பாற்றப் போனவரும் அதிலேயே மடிந்த செய்திகள் நாம் அறியாதவை அல்ல. பாதுகாப்புச் சாதனமின்றி மனிதரைச் செப்டிக் தொட்டியில் இறக்கிச் சுத்தம் செய்விப்பதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமாக்கியிருக்கிறது.

குழியின் மூடியைச் சுற்றி மட்டச் சாந்தால் பூசிவிட்டால் நாற்றமும் கொசுவும் அடங்கும். குடிநீர்க் கிணறு குழியிலிருந்து 10 மீட்டருக்குக் குறையாத தூரத்தில் இருக்கட்டும். பாறைப் பிளவுள்ள நிலத்தில் இத்தூரமும் போதாது. நீர் பிளவு வழியே நெடுந்தொலைவு ஓடிவிடும்.

பஞ்சாயத்து அங்கத்தினர்கள் இதில் செய்யக் கூடியது ஒன்றுண்டு. கட்டிய கழிப்பிடங்களின் எண்ணிக்கை எல்லா அலுவலகங்களிலும் எழுதி வைக்கப்பட்டுள்ளது. நீரடைப்பு நிற்கும் கழிப்பிடங்கள் எத்தனை என்று எந்த ஏட்டிலும் காணோம். ஆண்டுக்கொருமுறை, மழைக்கு முன், கம்பியும் நீலமும் கொண்டு வீடு வீடாகப் பார்த்து வர ஒரு கொத்தனாரை ஏற்பாடு செய்யலாம். உள்ளூர்க் கொத்தனார் ஒருவருக்காவது டிராப் மாற்றும் வேலையை முறையாகப் பயிற்றுவித்து, நாலைந்து டிராப்புகளை ஊரிலேயே வாங்கி வைத்திருந்தால், ஒரு சிறு பொருளுக்காகப் பட்டணம் போய்வரும் செலவும் தாமதமும் இல்லை. பள்ளிக்கூடத்துக் கழிப்பிடத்தை முதலில் பார்க்கட்டும். கோடை விடுமுறையில் நீரடைப்பு முற்றிலும் வற்றிப்போய், திறக்கும் நாளன்று பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடிவருவது ஆண்டுதோறும் நடப்பதாகும்.

வீட்டைப் பூட்டிக்கொண்டு வெளியூர் செல்வோருக்கும் இது பொருந்தும். புறப்படும் நாளில் இரண்டு செம்பு நீர் ஊற்றி, அதன்மேல் இரண்டு கரண்டி எண்ணெய் விட்டு, பீங்கானைப் பலகையால் மூடிவிட்டுப் போகலாம். எண்ணெய் ஆடைபோல் பரவி நீர் ஆவியாவதைத் தடுக்கும். திரும்பியதும் ஒரு வாளி நீரை வேகமாக ஊற்றினால் எண்ணெய் போய்விடும். குழி மாற்றும் நாளில், மூடியின் மீது பூசிய சாந்து ஈரமாக இருக்கும்போதே மாதத்தையும் ஆண்டையும் ஆணியால் கீறி வைக்கவும்.