தெளிந்த நீரும் சுத்த நீரும்



சேர்வராயன் மலையில் பிறந்து, நம் ஓமலூரைத் தொட்டு, எடப்பாடி வழியாய்க் காவிரியில் சேரும் சரபங்காவைப் பற்றி இவ்வாரம் சில விஷயங்கள் எழுதுகிறேன். நதி என்று பெயரே தவிர, வருஷத்தில் பல மாதம் அது வெறும் மணல்தான். ஆயினும் மழைக்காலத்தில் அதில் ஓடும் நீரே கரையோரக் கிணறுகளில் ஊறுகிறது. அதை இறைத்துப் பிழைப்பவர்கள் நாம்.

தெளிந்த நீரெல்லாம் சுத்த நீர் என்று எண்ணுவோர் நம்மில் அநேகர். சேலம், தருமபுரி மாவட்டங்களின் பல கிராமங்களில் கிணற்று நீர் கண்ணாடிபோல் இருக்கும். அதில் ஃப்ளோரைடு மிகுந்திருக்கும். பாறையிலிருந்து கரைந்து வருவது அது. நிறமுமில்லை, வாசனையுமில்லை. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேற்பட்டால் குடிக்கத் தகாது என்பது நம் நாட்டுத் தரவிதி. இளம் வயதில் தொடர்ந்து குடித்த பிள்ளைகளுக்குப் பல்லில் பழுப்புக் கறை விழும். அளவு மீறி வருஷக்கணக்காய்க் குடித்தால் எலும்பும் கெடும். "நாங்கள் காய்ச்சித்தானே சுவாமி குடிக்கிறோம்" என்பீர்கள். காய்ச்சினால் கிருமி சாகும், ஃப்ளோரைடு போகாது. நீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடவே செய்யும்.

ஆகவே சோதித்துத்தான் அறிய வேண்டும். அதற்குப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. 2019-ல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டத்தில், கிராமத்துக்கு ஐந்து பெண்கள் வீதம் பரிசோதனைப் பெட்டியைக் கையாளப் பயிற்சி பெற வேண்டும் என்பது ஏற்பாடு. மருந்தைத் துளி துளியாய் விட்டு, மாறும் நிறத்தை அட்டையோடு ஒப்பிடுவதே வேலை. கிருமிக்கு வேறொரு சோதனை உண்டு. குவாலியரில் மாஞ்சா, மௌர்யா, ராவ் என்ற மூவர் 1982-ல் வெளியிட்டது. மருந்திட்ட தாள் உள்ள சிறு குப்பியில் நீரை ஊற்றி, வெதுவெதுப்பான இடத்தில் ஓரிரு நாள் வைத்தால், மலக்கலப்புள்ள நீர் கறுத்துப் போகும். குடலில் வாழும் சில கிருமிகள் விடும் வாயு, மருந்திலுள்ள இரும்போடு கூடிக் கறுப்பாகிறது.

இவை குடிநீருக்கு ஏற்பட்ட காவல். ஓடையில் அந்தக் குப்பி கறுக்காவிட்டால்தான் அதிசயம்! ஆடுமாடும் சாக்கடையும் சேரும் இடமாயிற்றே. ஓடைக்கு வேறு கணக்கு. நீரில் கரைந்த பிராணவாயு லிட்டருக்கு 4 மில்லிகிராமாவது இருந்தால்தான் மீன்களுக்குத் தகுந்த நீர் என்று மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வகுத்திருக்கிறது. சாக்கடை கலந்தால் அதைத் தின்னும் கிருமிகள் பெருகி இந்த வாயுவைக் குடித்துவிடும்.

காசில்லாத சோதனையும் ஒன்றுண்டு. அமெரிக்காவில் ஐசக் வால்டன் சங்கத்தார் 1969-ல் துவக்கிய ஓடைக் காவல் முயற்சியில், சாதாரண ஜனங்கள் கல்லைப் புரட்டிப் பூச்சிகளை எண்ணுகிறார்கள். நூல்போல் மூன்று வாலுள்ள சிறு பூச்சிக் குஞ்சுகள் கல்லடியில் ஒட்டியிருந்தால் பெரும்பாலும் நல்ல அடையாளம். சேற்றில் செம்புழு மட்டும் நெளிந்தால் அழுக்கு மிகுதி. நம் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக்கொடுக்கவா வேண்டும்? கல்லைப் புரட்டாதே என்று அதட்டுவதுதான் நம் வழக்கம்.

நம் வாலிபர் சபையாரும் மாதர் சங்கத்தாரும் மாதம் ஒரு முறை இதைச் செய்ய வேண்டும் என்பது என் விருப்பம். ஒரு நாள் சோதனையால் பிரயோஜனமில்லை. இடம் மாறக்கூடாது, நேரமும் மாறக்கூடாது. பாசி பகலில் பிராணவாயுவை விடும், இரவில் உட்கொள்ளும். ஆதலால் விடியற்காலை அளவும் பிற்பகல் அளவும் ஒன்றாயிரா. கண்டதைக் கண்டபடி நோட்டில் எழுதுங்கள். அக்கம்பக்கத்தாரின் கழிவுக் குழாய்க்குக் கீழே அளவு குறைந்தால் அதையும், நம் வீட்டுக் குழாய்க்குக் கீழே குறைந்தால் அதையும் மறையாமல் எழுதுங்கள். மூன்று மாதம் தொடர்ந்து கெட்டிருந்தால் நோட்டோடு ஊராட்சி அலுவலகத்துக்குப் போவோம். வெறும் புகாரைத் தட்டிக்கழிப்பது எளிது. தேதியிட்ட கணக்கை அப்படித் தள்ள முடியாது.

கோடையில் நீரே இல்லாவிட்டாலும் அந்தத் தேதியைக் காலியாக விடாமல், "வறண்டது" என்று எழுதி வையுங்கள்.