பொறுமையும் பணிவிடையும்

திருச்சியிலோ, காவிரிக்கு அக்கரையில் ஸ்ரீரங்கத்திலோ ஒரு வாலிபர் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து தலையில் பலத்த அடிபடுகிறார். அறுவைச் சிகிச்சையால் உயிர் தப்புகிறது. ஆனால் கை கால் வசமில்லை, பேச்சில் தெளிவில்லை. “அல்லாஹ்வின் நாட்டம், பொறுமை செய்வோம்” என்று உள்ளறைக் கட்டிலில் கிடத்திவிடுகிறோம். இது பொறுமையாகுமா?

நோய்க்கு மருந்து தேடும்படி நபி (ஸல்) அவர்கள் ஏவியுள்ளார்கள். மூளையில் அடிபட்டவருக்குப் பயிற்சியும் மருந்தே. முதல் சில மாதங்களில்தான் முன்னேற்றம் விரைவாக இருக்கும், காலம் கடத்தலாகாது.

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் டாக்டர் மேரி வர்கீஸ், 1954-ல் கார் விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டுக் கால்கள் செயலிழந்தவர். சக்கர நாற்காலியில் இருந்தபடியே மருத்துவப் பணியைத் தொடர்ந்தார். அவருடைய முயற்சியால் 1966-ல் பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. முதுகுத்தண்டிலும் மூளையிலும் அடிபட்டோர் அங்கே தங்கி, உட்காரவும் உண்ணவும் உடுத்தவும் மீண்டும் கற்கிறார்கள்.

வீட்டாரும் கற்க வேண்டியவை உண்டு. படுக்கைப் புண் வராதிருக்க இரண்டு மணிக்கொரு தரம் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். படுத்தவாக்கில் ஊட்டினால் உணவு நுரையீரலுக்குள் போய்விடும். நிமிர்த்தி உட்கார வைத்தே ஊட்ட வேண்டும். மூட்டுகள் இறுகாதிருக்க மெல்ல நீட்டி மடக்க வேண்டும். அவர் சீறி ஏசினால் மனம் வெதும்பாதீர்கள். அது காயத்தின் வேலை.

இனி தொழுகை. புத்தி தெளியாதவரை அவர் மீது கடமையில்லை. தெளிந்தபின் நின்று தொழ இயலாதவர் உட்கார்ந்தும், அதுவும் இயலாதவர் படுத்தபடி சைகையாலும் தொழுவார். தண்ணீர் ஆகாதவருக்குத் தயம்மும் உண்டு. மூத்திரக் குழாய் பொருத்தியவரும் தொழுகையை விடவேண்டியதில்லை. வக்து வந்தபின் ஒளுச் செய்து தொழலாம். ரக்அத் மறந்துவிடுகிறவருக்கு வீட்டார் ஒருவர் இமாமாக நின்று தொழ வைத்தால் எளிதாகும். நினைவிழந்த நாட்களின் களாவில் ஹனபி, ஷாபிஈ சட்டங்கள் வேறுபடும், ஆலிமிடம் கேட்டறிக.

பெரும்பாலும் இத்தனை பாரமும் ஒரு தாயின் மீதோ மனைவியின் மீதோ விழுகிறது. அவள் இரவெல்லாம் விழித்திருக்க, நாம் வாசலில் நின்று நலம் விசாரித்துத் திரும்புவது போதுமா? சகோதரர்கள் முறைவைத்துக் கட்டிலருகே இருக்கட்டும். ஏழைக் குடும்பமாயின் ஜக்காத்திலிருந்து வழிச்செலவுக்கு உதவுவோம். அதுவே பொறுமைக்குத் துணைநிற்பது. அல்லாஹ் நம் நோயாளிகளுக்கு ஷிபாவையும், பணிவிடை செய்வோருக்கு நற்கூலியையும் அருள்வானாக! ஆமீன்.