பெருவிரலுக்கு இடம் கொடுங்கள்

பெங்களூரில் எங்கள் கல்வி மையத்துக்கு ஓர் அக்கா வருகிறார். ஒரு பெரிய கட்டடத்தில் துப்புரவு வேலை செய்கிறார். நாள் முழுவதும் நின்றபடி வேலை. வேலைக்கு வருபவர்கள் கொடுக்கும் ஷூவைத்தான் போட வேண்டும்.

ஒருநாள் அவர் நொண்டிக்கொண்டே வந்தார்.

"காலில் என்ன அக்கா?" என்று கேட்டேன்.

"பெருவிரல் பக்கம் எலும்பு வளர்ந்துவிட்டது தங்கச்சி. ஷூ போட்டால் உயிர் போகிறது. வேலையை விட்டால் அடுப்பு எரியாதே!" என்றார்.

மறுநாள் இருவரும் அரசு மருத்துவமனைக்குப் போனோம். டாக்டர் அம்மா காலைப் பார்த்தார். பொறுமையாக விளக்கினார்.

இது ஏன் வருகிறது?

புது எலும்பு எதுவும் முளைக்கவில்லை. பெருவிரல் அடுத்த விரல் பக்கம் சாய்கிறது. அதன் அடி மூட்டு எதிர்ப்பக்கம் துருத்துகிறது. சிலருக்குப் பாதத்தின் அமைப்பே இப்படி. தாய்க்கு இருந்தால் மகளுக்கும் வரலாம். முனை குறுகிய ஷூவும், குதி உயர்ந்த செருப்பும் வலியை அதிகமாக்கும்.

செருப்பை அளந்து பாருங்கள்

மாலையில் கால் சற்று வீங்கியிருக்கும். அப்போது அளப்பது நல்லது. ஒரு தாளின் மேல் நில்லுங்கள். பாதத்தைச் சுற்றிப் பென்சிலால் கோடு போடுங்கள். செருப்பைக் கோட்டின் மேல் வையுங்கள். கோடு வெளியே தெரிகிறதா? அந்தச் செருப்பு உங்களுக்கு ஆகாது. முன்பக்கம் அகலமான, மெத்தென்ற செருப்பு வாங்குங்கள்.

வலி குறைய

- புடைப்பில் ஷூ உரசாமல் மெத்தென்ற பஞ்சுத் துணி வையுங்கள். அதனால் ஷூ இறுகக் கூடாது.
- ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி 10 நிமிடம் வையுங்கள்.
- இடையிடையே உட்கார்ந்து காலுக்கு ஓய்வு கொடுங்கள்.
- டாக்டர் சொல்லும் மாத்திரையை மட்டும் சாப்பிடுங்கள்.

இவற்றால் வலி குறையும். சாய்ந்த விரல் நேராகாது. வலி தீராமல் நடக்கவே கஷ்டமானால் ஆபரேஷன் உண்டு. எலும்பை வெட்டி நேராக வைப்பார்கள். பழையபடி நடக்கச் சில மாதங்கள் ஆகலாம்.

செய்யக் கூடாதவை

பிளேடால் சீவாதீர்கள். கால் ஆணிக்குப் போடும் பிளாஸ்திரியை ஒட்டாதீர்கள். அதில் உள்ள மருந்து தோலை அரித்துவிடும்.

சர்க்கரை நோய் உள்ளவர்களும், பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்களும் வீட்டு வைத்தியம் செய்ய வேண்டாம். ஐஸும் வைக்க வேண்டாம். சிறு புண் கூடப் பெரிதாகலாம். மூட்டு திடீரென்று சிவந்து, சூடாகி, கடுமையாக வலித்தால் அது வேறு நோயாக இருக்கலாம். உடனே டாக்டரிடம் போங்கள்.

அக்கா எழுதிய கடிதம்

அன்று மாலை அக்கா தாள் கேட்டார். தாமே எழுதினார்:

"ஐயா, என் கால் மூட்டு புடைத்துள்ளது. அகலமான ஷூ போட அனுமதி வேண்டும். டாக்டர் சீட்டு இத்துடன் உள்ளது."

கீழே கையெழுத்துப் போட்டார். சூப்பர்வைசருக்குத் தமிழ் தெரியும். படித்துவிட்டு அனுமதி கொடுத்தார். அக்காவின் விரல் இன்னும் சாய்ந்துதான் இருக்கிறது. ஆனால் வலி குறைந்துவிட்டது. வேலையும் போகவில்லை.

பேசுவோம், எழுதுவோம்

1. உங்கள் பாதத்தை வரைந்து செருப்போடு ஒப்பிடுங்கள்.
2. யார் வீட்டு வைத்தியம் செய்யக் கூடாது?
3. உங்கள் வேலையிடத்தில் எதைக் கேட்டுக் கடிதம் எழுதுவீர்கள்?