சத்தம் போடாத வியாதி: சிறுநீரக நோய்

1977, 1983 கலவரங்களுக்குப் பிறகு தோட்டத்தை விட்டுப்போன நம்ம சனங்களில் சிலர் வவுனியா, மட்டக்களப்புப் பக்கங்களில் குடியேறினார்கள். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரை வயல்களில் வெயிலோடு வேலை செய்கிறவர்களுக்கும், இங்கே கொழுந்தெடுக்கிறவர்களுக்கும் பொதுவான பாடம் இது.

சிறுநீரகம் என்ன செய்கிறது?

முதுகுப்பக்கம், விலா எலும்புக்குக் கீழே, கைமுட்டி அளவில் இரண்டு இருக்கின்றன. இரத்தத்திலுள்ள கழிவையும் மிஞ்சிய தண்ணீரையும் பிரித்துச் சிறுநீராக வெளியேற்றுகின்றன.

ஏன் கெடுகிறது?

சீனி வியாதியும் பிரஷரும்தான் முக்கிய காரணங்கள். ஆனால் 1990களில் வடமத்திய மாகாணத்தில், இந்த இரண்டும் இல்லாத விவசாயிகளுக்கும் சிறுநீரகம் பழுதாவது தெரியவந்தது. கிணற்று நீர், விவசாய இரசாயனம், வெயிலில் உடம்பு வற்றுவது எனப் பலவற்றைச் சந்தேகிக்கிறார்கள். ஒரே காரணம் இதுதான் என்று இன்னும் முடிவாகவில்லை.

எப்படிக் கண்டுபிடிப்பது?

வலி வரட்டும், பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். ஆரம்பத்தில் வலியே இருக்காது. கால் வீங்கி, மூச்சு வாங்கும்போது பாதிக்குமேல் கெட்டிருக்கும். சிறுநீரில் புரதம் போகிறதா என்று ஒரு சோதனை. இரத்தத்தில் கிரியேட்டினின் பார்க்க இன்னொன்று. கிரியேட்டினினை வைத்துச் சிறுநீரகம் வடிகட்டும் வேகத்தைக் கணக்கிடுவார்கள். அது 3 மாதத்துக்கு மேல் 60க்குக் கீழே நின்றால் நாள்பட்ட நோய். 15க்குக் கீழே போனால் சிறுநீரகம் செயலிழந்துவிட்டது என்று அர்த்தம்.

சிகிச்சை என்ன?

நேரத்தோடு கண்டால், மாத்திரையாலும் உப்பைக் குறைப்பதாலும் பல வருசம் தள்ளிப்போடலாம். பிந்தினால் இயந்திரத்தில் இரத்தச் சுத்திகரிப்பு: வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை, ஒவ்வொரு தடவையும் சுமார் 4 மணி நேரம். அல்லது மாற்றுச் சிறுநீரகம். கூலிவேலைக் குடும்பத்துக்கு இரண்டுமே பெரிய பாரம். பொலன்னறுவையில் 2021இல் சிறுநீரக நோய்க்கென்றே தேசிய வைத்தியசாலை திறக்கப்பட்டது. ஆனாலும் அங்கே போகாமல் காப்பதே நல்லது.

நாம் செய்ய வேண்டியவை

1. சீனி, பிரஷர் உள்ளவர்கள் வருசத்துக்கு ஒரு தடவையாவது இந்த இரண்டு சோதனைகளையும் செய்யுங்கள். அரசாங்க கிளினிக்கில் கேளுங்கள்.
2. உடம்பு வலிக்கு டைக்ளோபெனாக் போன்ற மாத்திரைகளைக் கடையில் வாங்கித் தினமும் போடாதீர்கள்.
3. சீனி இறங்கும் என்று காமரங்காய்ச் சாறு குடிக்காதீர்கள். அதனால் சிறுநீரகம் கெட்டவர்கள் நம் நாட்டிலேயே உண்டு.
4. வெயிலில் வேலை செய்தால் தாகம் வருமுன்னே தண்ணீர் குடியுங்கள்.

படுவான்கரையில் அண்ணனோ மச்சானோ இருந்தால் இதை வாசித்துக் காட்டுங்கள். "எனக்கு ஒன்றுமில்லை" என்பார். ஒன்றுமில்லாத போதுதான் சோதிக்க வேண்டும் என்று சொல்லுங்கள்.